பதினாறு பேருக்கும் சேர்த்து எண்ணியவன்

பேண்ட் என்றால் முன்னால் நின்று ஊதுகிறவர்கள்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஜனங்கள் உலகத்தில் ஏராளம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பளபளக்கும் பித்தளையைக் கண்டால் காக்கைக்குக்கூடக் கண் அங்கேதான் போகும். பின்னால், மூன்று படி உயரத்தில், சிம்பல் என்கிற பித்தளைத் தட்டுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருக்கும் ஆளை யார் பார்க்கிறார்கள்? அக்கா பார்த்தாள். அவளுக்கு அவன் தம்பி.

ஊருக்கு அவன் லிஃப்ட்காரன். ஆஸ்பத்திரி லிஃப்ட், அலுவலக லிஃப்ட், அடுக்குமாடி லிஃப்ட் என்று பழுதானதெல்லாம் அவன் கைக்குத்தான் வரும். பகலெல்லாம் கிரீஸில் முழங்கை வரை முங்கி நிற்பான். சாயங்காலமானால் குளித்து, நகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, அக்கா வீட்டுச் சோபாவின் கையில் ஒரு ரப்பர் துண்டை வைத்துக் குச்சியால் தட்டிக்கொண்டிருப்பான். அந்த ரப்பரும் பழைய லிஃப்ட் கதவிலிருந்து கழற்றியதுதான். அக்கா புருஷன் செய்தி கேட்க முடியாமல், "மச்சான், அந்தச் சோபா உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார். தட்டுவது நிற்காது. கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கடைசி மேசைக்காரி. தைத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு வருகிற சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அவள் கண்ணைத் தாண்டியாக வேண்டும். இடது கை நூல் அளவு நீளமாக இருந்தால் திருப்பிவிடுவாள். சூப்பர்வைசர் வந்து, "பரவாயில்லம்மா, விடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றால், "எனக்குத் தெரிஞ்சிடுச்சே, என்ன பண்ணலாம்?" என்று கேட்பாள். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்காராதவள். ஆனால் கோணலைக் கண்டால் பல் கூசும். அந்தக் கண்ணோடும் காதோடும் அவள் வாரா வாரம் பேண்ட் ஒத்திகைக்குப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தால், அங்கே எத்தனை கோணல் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊர் மன்றத்தின் ஜாஸ் பேண்ட் அது. ட்ரம்பெட் நாலு பேர், ட்ராம்போன் நாலு பேர், சாக்ஸபோன் ஐந்து பேர், பியானோ, கிட்டார், ஆளுயரத்துக்கு நிற்கும் பேஸ், கடைசியில் டிரம்ஸ். முன்னால் நின்று கையை ஆட்டுகிற தலைவர் ஒருவர் உண்டு. அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்கா அவருக்கு வைத்த பெயர் கைவீச்சு. பேருந்தை நிறுத்துகிற மாதிரி ஒரு வீச்சு, ஈயை விரட்டுகிற மாதிரி ஒரு வீச்சு. இந்த இரண்டும்தான் அவருடைய மொத்த வித்தை. இரண்டுமே பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

முதல் ட்ரம்பெட்காரர் வீட்டுத் தரகர். தன் முகவரிச் சீட்டில் பெயருக்குக் கீழே 'ஊதல் திலகம்' என்று தானே அச்சடித்துக்கொண்டவர். அதனால் அவர் திலகம். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தைச் சாய்த்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொள்வார். அந்தத் தயாரிப்பைப் பார்த்தால் மலையைப் புரட்டப்போகிறார் என்று தோன்றும். வருவது என்னவோ நாலு சுரம்தான்.

டிரம்மரின் வேலை என்ன என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் 'சத்தம் போடுவது' என்பார்கள். அக்காவுக்கு அந்தப் பதிலைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருக்கும். பெரிய பேண்டில் டிரம்மருக்குக் கொடுக்கும் தாளில் வாசிக்க வேண்டியது ஒன்றும் பெரிதாக இருக்காது. வரிசையாகச் சாய்ந்த கோடுகள். மேலே பொடி எழுத்தில், மற்றவர்கள் எங்கே ஊதப்போகிறார்கள் என்ற குறிப்பு. அதாவது, நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டு அவர்கள் வேலையையும் பார்த்துக்கொள் என்று அர்த்தம். வலது கை பெரிய சிம்பலில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடது கால் இரட்டைத் தட்டை மூடித் திறக்க வேண்டும். ஊதுகிறவர்கள் நுழைவதற்குச் சற்று முன்னால் இடது கையால் சின்ன டிரம்மில் ஒரு சிறு அடி கொடுத்து, 'இதோ, இங்கே' என்று இடத்தைக் காட்ட வேண்டும். பேண்டில் அதற்குத் 'தள்ளு' என்று பெயர். கதவைத் தட்டிவிட்டுத் திறப்பது போல அது ஒரு மரியாதை.

தம்பி அந்த மரியாதையை வருஷக்கணக்காக, ஒரு இடம் விடாமல் செய்துகொண்டிருந்தான். விளைவு என்ன? ஊதுகிறவர்களுக்குச் சும்மா இருக்கும் கட்டங்கள் வரும், நாலு தாளத் தட்டுக்கு ஒரு கட்டம்; எட்டுக் கட்டம், பன்னிரண்டு கட்டம் என்று தாளில் போட்டிருக்கும். அதை மனசுக்குள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் முறை. இவர்கள் ஆரம்பத்தில் எண்ணினார்கள். பிறகு பாதி எண்ணினார்கள். பிறகு, தம்பிதான் தள்ளு கொடுக்கிறானே என்று எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். ட்ராம்போன் வரிசை மனை விலை பேசும். இரண்டாவது சாக்ஸபோன் காலணி நாடாவைக் கழற்றிக் கட்டும். திலகம் முன் வரிசைப் பெண்களைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். தம்பியின் இடது கை சின்ன டிரம்மில் விழுந்ததும் அத்தனை பேரும் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி வாத்தியத்தை வாய்க்குக் கொண்டுபோவார்கள், சரியான இடத்தில் நுழைவார்கள், ஜனங்கள் கைதட்டுவார்கள், திலகம் நெஞ்சில் கை வைத்துக் குனிவார்.

"ஊட்டிவிட்டாத்தான் சாப்பிடுவாங்க போலிருக்கு. அதுல மீசை வேற," என்றாள் அக்கா, ஒருநாள் திரும்பி வரும் வழியில்.

"விடு அக்கா. நல்லாத்தானே வருது," என்றான் தம்பி.

அப்படியே போயிருக்கும். ஊரிலேயே பெரிய ஹோட்டலின் பேண்டில் டிரம்மர் விலகப்போகிறார், மகள் இருக்கும் ஊரோடு போகிறார் என்ற செய்தி வராமல் இருந்திருந்தால். ஹோட்டல் பேண்ட் என்றால் சம்பளத்துக்கு வாசிப்பது. வாரம் முழுக்க வாசிப்பது. லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டாம். அந்த இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டு ஹோட்டல் பேண்டின் தலைவர் ஞாயிற்றுக்கிழமை மன்றக் கச்சேரிக்கு வருகிறார் என்று பேஸ்காரர் வந்து சொன்னார். தம்பி அன்று வழக்கம்போலத் தட்டினான். ஆனால் சோபாவில் தட்டுகிற சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அக்காவுக்கு அது போதும். இந்தப் பயலுக்கு அந்த இடம் வேண்டும். வாயைத் திறந்து சொல்லமாட்டான். அப்படியென்றால் சொல்ல வேண்டியது அவள்தான்.

மறுநாளே கைவீச்சைப் பிடித்தாள்.

"ஏன் சார், எல்லாருக்கும் தனியா வாசிக்க இடம் கொடுக்கறீங்க. அந்த மூணாவது ட்ராம்போனுக்குக்கூட உண்டு, அவர் வாசிச்சா நாய் ஓடுது. என் தம்பிக்கு மட்டும் ஏன் இல்ல?"

"டிரம்ஸ் தனியா வாசிச்சா ஜனங்களுக்குப் போரடிக்கும்மா."

"ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் நீங்க பேசறதைப் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க சார். இதுலயா போரடிச்சிடும்?"

கைவீச்சுக்கு முகம் சுருங்கியது. ஆனால் மன்றக் கச்சேரிக்கு மேடைத்துணி முழுவதையும் தைத்துக் கொடுத்தவள் அவள். கடைசிப் பாட்டில் பதினாறு கட்டம் டிரம்ஸுக்குத் தனியாக என்று எழுதிக் கொடுத்தார்.

விஷயம் தெரிந்ததும் தம்பி தலையில் கை வைத்தான். "அக்கா, நீ ஏன் போய்க் கேக்கற? எனக்குக் கேக்கத் தெரியாதா?"

"தெரியும். அடுத்த ஜென்மத்துல கேட்டிருப்பே."

"பேசாம நீயே போய் வாசிச்சிடு. அவன் கீழ உக்காந்து வேடிக்கை பார்க்கட்டும்," என்றார் புருஷன் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

ஒத்திகையில் அந்தப் பதினாறு கட்டத்தை ஒருதடவைகூட வாசித்துப் பார்க்கவில்லை. "அதை மேடையில பார்த்துக்கலாம்ப்பா, நேரமில்ல," என்று சொல்லி, கைவீச்சு ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டி அடுத்த பகுதிக்குப் போனார். திலகம் தன் நாலு சுரத்தை ஏழு தடவை சரிபார்க்க மட்டும் நேரமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மன்றத்து அரங்கம் நிறைந்தது. இரும்பு நாற்காலிகள் உட்காரும்போது கத்தும், எழுந்தால் இன்னும் கத்தும். மூன்றாவது வரிசையில் அந்த ஹோட்டல் பேண்ட் தலைவர், அக்கா கணக்கில் ஹோட்டல்காரர், இருந்தார். ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கைதட்டுகிற இடத்தில் கைதட்டவில்லை, அது அக்காவுக்குப் பிடித்திருந்தது. கடைசிப் பாட்டு வந்தது. ஊதுகிறவர்கள் நிறுத்தினார்கள். தம்பி தனியாக ஆரம்பித்தான்.

முதல் நாலு கட்டம் அமைதியாகத்தான் போனது. சின்ன டிரம்மில் குசுகுசுவென்று பேசுகிற மாதிரி. பிறகு கையைக் கொஞ்சம் உயர்த்தி, ஐந்தாவது கட்டத்தில் ஒரு உருட்டல் உருட்டி, முடிவில் காலால் பெரிய டிரம்மில் ஒரு அடி போட்டான். அவ்வளவுதான். திலகம் விருட்டென்று எழுந்து ஊதிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அவரைச் சொல்லியும் பயனில்லை. வருஷக்கணக்காகச் சின்ன டிரம்மில் சத்தம் கேட்டால் ஊத வேண்டும் என்று பழகிய மனுஷர். டிரம்ஸ் மட்டுமே தனியாக வாசிக்கிறபோது எல்லாமே தள்ளு மாதிரித்தான் கேட்கும். எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். எண்ணினால்தானே? திலகம் ஊதியதைப் பார்த்து மற்ற மூன்று ட்ரம்பெட்டும் நுழைந்தன. முன்னால் போன ஆடு விழுந்த பள்ளத்தில் மந்தை முழுக்க விழுகிற கதை. சாக்ஸபோன்களில் மூன்று உள்ளே, இரண்டு வெளியே. மனை விலை பேசிக்கொண்டிருந்த ட்ராம்போன் வரிசை பாதி பேச்சிலேயே குழாயை நீட்டி, வேறொரு பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தது. கைவீச்சு பேருந்தையும் ஈயையும் ஒரே நேரத்தில் விரட்டினார். பாட்டு, படிக்கட்டில் உருண்ட பாத்திரக்கடை மாதிரி கிடந்தது.

தம்பி ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை அக்கா பார்த்தாள். இன்னும் பதினொரு கட்டம் அவனுக்குச் சொந்தமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் சோபாவின் கை நைந்திருந்தது. அவன் அதை அங்கேயே போட்டுவிட்டான். வலது கையைப் பெரிய சிம்பலுக்குக் கொண்டுபோய், சும்மா நேராக, ஒரு அலங்காரமும் இல்லாமல் நடக்கவிட்டான். பேஸ்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு இடது கையால் ஒரு தள்ளு கொடுத்தான். செவிடனுக்கும் கேட்கிற தள்ளு. பதினாறு பேரும் ஒரே இடத்தில் வந்து இறங்கினார்கள்.

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். கைவீச்சு மூன்று தடவை குனிந்தார்.

மேடைக்குப் பின்னால் திலகம் ட்ரம்பெட்டைத் துடைத்தபடி வந்தார். "என்னப்பா, தனியா வாசிக்கச் சொன்னா பாதியில விட்டுட்டே? பயந்துட்டியா? நான் மட்டும் உள்ள வரலைன்னா மானம் போயிருக்கும்."

"ஆமாங்க, திருடன் வரலைன்னா வீட்டுக்காரன் முழிச்சிருக்கவே மாட்டான்," என்றாள் அக்கா.

"இவங்க யாரு? ஓ, அக்காவா. அக்காவுக்குச் சங்கீதம் தெரியுமோ?"

"எண்ணத் தெரியும்."

அதற்குள் ஹோட்டல்காரர் வந்துவிட்டார். "டிரம்மர் யாரு?"

"இவன்தாங்க. என் தம்பி. சின்ன வயசுலேருந்தே..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

அவர் அவளைத் தாண்டி அவனைப் பார்த்தார். "தனியா வாசிச்சதுக்காகச் சொல்லல. அது ஒண்ணும் பிரமாதமில்ல. அப்புறம் விழுந்தவங்களை எல்லாம் ஒரே கையில அள்ளுனீங்களே, அதைப் பார்த்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் எங்க ஒத்திகைக்கு வர முடியுமா?"

"வந்துடுவான்," என்றாள் அக்கா.

ஹோட்டலின் ஒத்திகை அறை, துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில், தரைக்குக் கீழே இருந்தது. சுவரில் சோப்பு வாசனை. சிம்பல் பையைத் தூக்கிக்கொண்டு வந்த சாக்கில் அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்தாள். வாசிக்கிறவர்களைப் பார்த்தால் ஏமாற்றமாக இருந்தது. யாரும் நெஞ்சை நிமிர்த்தவில்லை. முதல் ட்ரம்பெட் ஒரு பெண். நரைத்த முடியை ஒட்ட வெட்டி, காலில் வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். சந்தைக்குப் போய்த் திரும்பியவள் மாதிரி இருந்தாள். ஊதியபோது அறையின் கண்ணாடி அதிர்ந்தது.

தம்பி வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். ஒவ்வொரு நுழைவுக்கும் முன்னால் இடது கை விழுந்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் அந்தப் பெண் ட்ரம்பெட்டை மடியில் இறக்கினாள். பாட்டு நின்றது.

"தம்பி, ஒரு நிமிஷம். நாங்க எண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம்."

தம்பிக்குப் புரியவில்லை. "சரிங்க."

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி அதே. அவன் அடக்கப் பார்த்தான் என்பது அக்காவுக்குத் தெரிந்தது. தோள் இறுகியது, ஆனால் இடம் வந்ததும் கை தானாக விழுந்தது. வாசற்படி கண்டால் குனிகிற நெட்டையனைப் போல.

"ஒவ்வொரு வாசல்லயும் நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடறீங்க," என்றாள் அந்தப் பெண். கோபமெல்லாம் இல்லை. அதுதான் மோசம். "எங்களுக்கு வழி தெரியும்ப்பா. கூப்பிட்டுக்கிட்டே இருந்தா நாங்க எங்கேருந்து பேசறது?"

ஒருவர் சிரித்தார். ஹோட்டல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேண்டிய இடத்துல கொடுங்க. பெரிய நுழைவு வருது, அங்க கொடுங்க. மத்ததை விடுங்க. பழைய ஆள் இன்னும் ரெண்டு மாசம் இருப்பார். அதுக்குள்ள கையை அடக்கிட்டு வாங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, நான் வேற ஆள் பார்க்கணும்."

பேருந்தில் அக்கா பொரிந்து தள்ளினாள். "எல்லாம் அந்தச் சோம்பேறிக் கூட்டம் பண்ணுன வேலை. பதினாறு பேரும் சேர்ந்து உன் கையைக் கெடுத்து வச்சிருக்காங்க. எண்ணத் துப்பில்லாத ஜென்மங்க. அந்தத் திலகம் மூஞ்சியும் அவன் கைக்குட்டையும்."

தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். "அவங்க கெடுக்கல அக்கா."

"பின்னே?"

"எனக்குப் பிடிச்சிருந்தது."

"எது?"

"நான் கையைத் தூக்கலைன்னா அத்தனை பேரும் முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்கன்னு தெரியறது. எண்ணுங்கன்னு ஆரம்பத்துலேயே சொல்லியிருக்கலாம். சொல்லல. நானும் மனசுக்குள்ள அவங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

இத்தனை நாளாக அக்கா இளக்காரமாகப் பார்த்த கூட்டத்தில் இவனும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது தனக்கு மட்டும் வாங்கினாள். பிறகு, சரி தொலைகிறது என்று அவனுக்கும் காசை நீட்டினாள். அவன் அதற்குள் வாங்கிவிட்டிருந்தான்.

அடுத்த மன்ற ஒத்திகையில் தம்பி குச்சியை எடுப்பதற்கு முன் எழுந்து நின்றான். அவன் எழுந்து நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. "இனிமே பெரிய இடத்துல மட்டும்தான் தள்ளு கொடுப்பேன். மத்த இடத்துல நீங்க எண்ணிக்குங்க."

"சரிங்க வாத்தியாரே!" என்றது ட்ராம்போன் வரிசை. அறை சிரித்தது.

பாட்டு ஆரம்பித்தது. சும்மா இருக்கும் கட்டங்கள் வந்தன, போயின. நுழைய வேண்டிய இடமும் வந்தது, போனது. யாரும் நுழையவில்லை. சிம்பல் மட்டும் நடந்துகொண்டிருந்தது. பேஸ்காரர் கூடவே நடந்தார். நாலு ட்ரம்பெட்டும் தம்பியைப் பார்த்தார்கள். பூட்டிய கடை வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி. தம்பியின் இடது கை எழுந்தது. காற்றில் நின்றது. அவன் அதைக் கீழே கொண்டுவந்து தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். ஒற்றைக் கையால் வாசித்தான்.

அக்கா கடைசி நாற்காலியில் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

அடுத்தடுத்த ஒத்திகைகள் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். திலகம் விரல்விட்டு எண்ணினார். விரல்விட்டு எண்ணினால் ட்ரம்பெட்டைப் பிடிக்க விரலில்லை. அதனால் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உதட்டை அசைத்து, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எண்ணி முடித்து, வாத்தியத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். ஒரு சாக்ஸபோன்காரர் பக்கத்து ஆளை எண்ணச் சொல்லியிருந்தார். பக்கத்து ஆள் இவரை நம்பியிருந்தார். கைவீச்சைப் பார்த்து நுழையலாமே என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அவருக்கே தோன்றவில்லை. தம்பியின் இடது கை மட்டும் எழுவதும் நிற்பதுமாக இருந்தது. பிறகு எழுவது குறைந்தது. மூன்றாவது வாரம் அதைத் தொடைக்கு அடியில் வைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம்தான் கைவீச்சு கச்சேரித் தேதியைச் சொல்லிவிட்டுக் கையிலிருந்த குச்சியைத் தாள் வைக்கும் தாங்கியின்மேல் தட்டினார்.

"இதோ பாருப்பா. எங்களைத் தாங்கறதுக்குத்தான் உன்னை வச்சிருக்கோம். நீ ஒத்துழைக்கமாட்டேங்கற. எல்லாருக்கும் மனக்கஷ்டம். நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

"நல்ல முடிவு சார்," என்றார் திலகம். "தாளம் போடறவன் தாளம் போடணும். பாடம் நடத்தக் கூடாது."

அக்கா எழுந்துவிட்டாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. அவையெல்லாம் நல்ல வாக்கியங்கள். பல வருஷமாகச் சாணை பிடித்து வைத்தவை. திலகத்துக்கு ஒன்று, கைவீச்சுக்கு இரண்டு, ட்ராம்போன் வரிசைக்கு மொத்தமாக ஒன்று.

"அக்கா, சிம்பல் பையைக் கொடு," என்றான் தம்பி.

கொடுத்தாள். அவன் ஒவ்வொரு சிம்பலாகக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தான். பெடலைக் கழற்றினான். பேஸ்காரரின் கையை மட்டும் குலுக்கினான். வெளியே வந்ததும் அக்கா, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கல்லுளிமங்கன் மாதிரி வந்துட்டியே!" என்றாள்.

"கேட்டா எண்ணவா போறாங்க?"

மன்ற பேண்டுக்குப் புது டிரம்மராக ஒரு ரொட்டிக்கடைக்காரர் வந்தார். மாவு அடிக்கிற கை. எல்லா இடத்திலும் தள்ளு கொடுக்கிறாராம், நுழைவு இல்லாத இடத்திலும்கூட. எல்லாருக்கும் பரம திருப்தி என்று பேஸ்காரர் வந்து சொல்லிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டு மாசத்துக்குப் பொறுக்காமல் தம்பி ஹோட்டலுக்குப் போனான். அக்கா கூடவே போனாள். பையைத் தூக்க வேண்டாம் என்று அவன் சொல்லியும் போனாள். அதே சோப்பு வாசனை. அதே செருப்பு. ஹோட்டல்காரர் பாட்டின் பெயரைச் சொன்னார், பாட்டு ஆரம்பித்தது.

அக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனை பேர் வாசித்தாலும் தம்பியின் கையை அவளால் தனியாகப் பிடித்துவிட முடியும். அது அவளுக்கு ஒரு கர்வம். அன்று பிடிக்க முடியவில்லை. ட்ரம்பெட் கேட்டது, சாக்ஸபோன் கேட்டது, எல்லாம் சேர்ந்து ஒரே ஆள் மூச்சு விடுகிற மாதிரி போனது. அவன் அதில் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அந்தப் பெண் ஊதினாள், நிறுத்தினாள், பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி ஊதினாள். ட்ரம்பெட்டை மடியில் இறக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பவும் இல்லை. கடைசிப் பெரிய நுழைவுக்கு முன்னால் மட்டும் சின்ன டிரம்மில் ஒரு அடி விழுந்தது. அவளுடைய செருப்புக் கால் அதோடு சேர்ந்து தரையில் ஒருமுறை தட்டியது.

இதற்கா இத்தனை பாடு என்றிருந்தது அக்காவுக்கு. மன்றத்துக் கோமாளிகளிடமாவது அவன் இருக்கிறான் என்று நாலு பேருக்குத் தெரியும். இங்கே இருக்கிறதே தெரியாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பெரிய இடம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது.

பாட்டு முடிந்தது. எல்லாரும் அடுத்த பாட்டின் தாளை எடுத்தார்கள். ஹோட்டல்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தம்பியிடம் வந்தார்.

"முதல் தேதியிலேருந்து வந்துடுங்க. உங்களுக்குச் சட்டை தைக்கச் சொல்லணும். கழுத்து அளவு எவ்வளவு?"

பதினைந்தரை அங்குலம் என்று அக்காவுக்குத் தெரியும். சொல்ல வாய் திறந்துவிட்டது.

"பதினாறு," என்றான் தம்பி.

அவள் வாயை மூடிக்கொண்டாள். முட்டாள் பயல், தொளதொளவென்று போட்டுக்கொண்டு திரியட்டும்.